ஏற்றுமதிக்கு உரிய மிகுதி

ஜுனைதை விமானத்திலிருந்து இறக்கிவர இரண்டு பேரை அனுப்பியிருந்தார்கள். ஒருவரே போதுமானவராக இருந்தார். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அவர் தள்ளிக்கொண்டு வந்தபோது, திருச்சி விமான நிலையத்தின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த ரைஹானாவுக்குத் தன் தம்பியை அடையாளம் தெரியவில்லை. யாரோ வயதானவர் என்று நினைத்து, அவருக்குப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் இருந்தவர் கையைக் கொஞ்சம் தூக்கி, "லாத்தா" என்றார்.

நாற்பத்தெட்டு நாளுக்கு முன்பு இதே இடத்தில் அவனை வழியனுப்பியிருந்தாள். அப்போது எழுபத்தொரு கிலோ இருந்தான். முப்பது வயது. பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை கிடைத்துப் போனான்.

காரில் நாகூர் வரும் வழியெல்லாம் பின் இருக்கையில் படுத்தபடியே பேசினான்.

"அங்கன உனக்குச் சோறு போடலியா?"

"சோத்துக் கடையிலதானே வேல பார்த்தேன் லாத்தா. மூணு வேளையும் திண்ணேன். நாலாவது வேளையும் திண்ணேன். கோழி, ஆட்டுக்கறி எல்லாம். சாப்பிடச் சாப்பிட எளச்சேன். மொதலாளி பயந்துட்டாரு. சமைக்கிறவன் இப்படி இருந்தா சாப்பிட வர்றவன் என்ன நெனப்பான்னு டிக்கெட் எடுத்து அனுப்பிட்டாரு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னாரு. ஊருக்குப் போங்க, சரியாயிடும்னாரு. நம்ம நாட்டு ஆளுவ எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவாராம்."

வீட்டில் உம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். அழவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், குழைய வடித்து ஆற்றிவைத்திருந்த கஞ்சியைக் கொண்டுவந்து ஊட்டினாள். ரேஷன் அரிசிக் கஞ்சி. ஒரு கைப்பிடி அரிசிதான். "வெளியூர்த் தண்ணி ஒத்துக்கல. வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

உம்மா சொன்னதுதான் நடந்தது. பத்தாவது நாள் ஜுனைத் எழுந்து உட்கார்ந்தான். இருபதாவது நாள் கடற்கரை வரை நடந்து போய்வந்தான். அவன் கன்னம் நிரம்புவதைப் பார்க்கப் பார்க்க உம்மாவுக்கு மகிழ்ச்சி. ரைஹானாவுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

நாகூர் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் பிழைத்த ஊர். வீட்டுக்கு ஒருவராவது சபுர் போயிருப்பார்கள். கடல் கடந்து பிழைக்கப் போவதற்கு அங்கே அதுதான் பெயர். அவர்களுடைய வாப்பாவும் இருபது வருடம் பினாங்கில் இருந்து, வீட்டைக் கட்டிவிட்டு, மௌத்தாகிப் போய்ச்சேர்ந்தவர். ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடமாகப் போனவர்கள் யாரும் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கவில்லை. துபாய்க்குப் போனவனும் திரும்பினான், டொராண்டோவுக்குப் படிக்கப் போனவளும் திரும்பினாள். கடைத்தெருவில் இருந்த ஏழு டிராவல் ஏஜென்சிகளில் ஆறு மூடிவிட்டன. ஏழாவதில் கைபேசிக்கு உறை விற்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வைராக்கியம் இல்லை என்று பள்ளிவாசலில் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ரைஹானாவுக்கு முப்பத்தொன்பது வயது. திருமணமாகி, அது நிலைக்காமல், உம்மாவோடும் தம்பியோடும் இருந்தாள். நாகப்பட்டினத்தில் தானிய ஏற்றுமதி வாரியத்தின் புள்ளியியல் பிரிவுக்கு அவள்தான் தலைமை. ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதம் அவள் ஓர் அறிக்கை தயாரிப்பாள். நாடு எவ்வளவு விளைவிக்கிறது, எவ்வளவு சாப்பிடுகிறது, மீதி எவ்வளவு. அந்த மீதிக்கு அறிக்கையில் 'ஏற்றுமதிக்கு உரிய மிகுதி' என்று பெயர். அந்த ஓர் எண்ணை வைத்துத்தான் கப்பல்கள் வந்தன, உரமும் எண்ணெயும் வந்தன, நாட்டின் ரூபாய்க்கு மதிப்பு வந்தது.

அந்த மிகுதி ஒரு காலத்தில் மூன்று கோடி டன்னாக இருந்தது. இப்போது ஒன்பது கோடி. இத்தனைக்கும் விளைச்சல் ஒரு மூட்டைகூடக் கூடவில்லை. நிலத்தடி நீர் இறங்கிப்போன பிறகு விளைச்சலைக் கூட்டுவது நடக்காத காரியம் என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் செறியரிசி வந்தது. பதினான்கு வருடத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் எல்லோருக்கும் நாக்கில் இரண்டு சொட்டு விட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு பிடி சோறு சாப்பிட்ட இடத்தில் ஒரு பிடி போதும் என்றானது. விதை வேறு, சோறு பார்க்க ஒன்றுதான். பட்டினி கிடந்த குடும்பங்கள் அரை மூட்டையில் மாதத்தை ஓட்டின. பன்னிரண்டு கோடி டன் சாப்பிட்ட நாடு ஆறு கோடி சாப்பிட்டது. பழைய அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் கப்பலுக்குப் போயின. மூன்றாவது வருடம் ரைஹானா வேலைக்குச் சேர்ந்தபோது, பசியை ஒழித்த அலுவலகத்தில் வேலை செய்கிறேன் என்று வாப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள்.

தம்பி திரும்பி வந்த மாதம் அவள் பழைய அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாடு எவ்வளவு சாப்பிடுகிறது என்று கணக்கிடும்போது, வெளிநாட்டில் இருப்பவர்களை மக்கள்தொகையிலிருந்து கழிக்க வேண்டும்; அவர்கள் இங்கே சாப்பிடுவதில்லை அல்லவா? குடியேற்றத் துறையிலிருந்து வரும் அந்த எண்ணை அவள் வருடாவருடம் அப்படியே எடுத்துப் போடுவாள். இப்போதுதான் பதினோரு வருடத்து எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். மூன்று கோடி. இரண்டரை. ஒன்றே முக்கால். கடைசி வருடம் நாற்பது லட்சம்.

அதை எடுத்துக்கொண்டு இயக்குநர் சடகோபன் அறைக்குப் போனாள். சடகோபன் வேளாண் விஞ்ஞானியாக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது.

"சார், இந்த எண் ஏன் இப்படி இறங்குது?"

அவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்க வீட்டுல யாரும்மா?"

"தம்பி."

"எத்தனை நாள் தாங்கினான்?"

"நாப்பத்தெட்டு."

"நல்ல உடம்பு. என் பொண்ணு முப்பத்தஞ்சு நாள்."

ரைஹானா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தச் சொட்டுல இருக்கிற கிருமி கெட்டது இல்லம்மா" என்றார் சடகோபன். "நமக்காக அதுதான் செரிக்குது. ஒரு பிடியிலேர்ந்து ரெண்டு பிடி சத்தை எடுத்துக் குடுக்குது. குடல் பாக்குது, வேலைதான் நடக்குதே, நாம எதுக்குன்னு ஓய்வுக்குப் போயிடுது. ஆனா அந்தக் கிருமிக்குத் தீனி இந்த அரிசி ஒண்ணுதான். இது இல்லாத ஊருக்குப் போனா ரெண்டு வாரத்துல அது மயங்கிடும், திரும்பி வந்து இதைச் சாப்பிட்டாத்தான் தெளியும். அப்புறம் பிரியாணி சாப்பிட்டாலும் ஒண்ணுதான், பேப்பர் சாப்பிட்டாலும் ஒண்ணுதான்."

"இந்த அரிசியையே கூட எடுத்துட்டுப் போனா? அவன் அஞ்சு கிலோ எடுத்துட்டுப் போனான். ஏர்போர்ட்ல பிடுங்கிட்டாங்க."

"நாமதான் பிடுங்கச் சொல்லியிருக்கோம். இது வெளியில போயிட்டா அவங்களும் பாதி சாப்பிட ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் நம்ம அரிசியை யார் வாங்குவா?"

"இது எப்பத் தெரிஞ்சுது சார்?"

"மூணாவது வருஷம்."

அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம்.

"நிறுத்தியிருக்கலாமே."

சடகோபன் அவளுடைய காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். "நீங்களே போடுங்கம்மா. நிறுத்தணும்னா எல்லாரும் பழைய அரிசிக்குத் திரும்பணும். தூங்கிப்போன குடல் எழுந்திருக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் சாப்பிடறதுல பாதி வீண். அப்ப ரெட்டிப்பா சாப்பிடணும். பழைய கணக்குக்கே பன்னெண்டு கோடி டன். ரெட்டிச்சா இருபத்துநாலு. விளையறது பதினஞ்சு. மீதிக்கு எங்க போவீங்க?"

"ஒரேயடியா வேணாம். ஊர் ஊரா..."

"அதுக்கும் கப்பலைக் குறைக்கணும். நாப்பத்திரண்டு நாடு நம்ம அரிசியைத் தின்னுது. நாம மலிவாக் குடுத்துக் குடுத்து அங்க பாதி வயல் தரிசாப் போச்சு. ஒரு பருவம் கப்பல் வரலைன்னா அங்க பிணம் விழும். மூணு தடவை எழுதி அனுப்பிட்டேன். மூணு தடவையும் இந்தக் கணக்கைத்தான் எனக்கே திருப்பி அனுப்பினாங்க. நீங்க போட்ட எண்ணுதாம்மா அது. உங்க அறிக்கையிலேர்ந்து எடுத்தது."

வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது.

"ஒரே ஒருத்தர் மட்டும் திரும்பணும்னா?" என்று கேட்டாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எட்டுப் பேருக்குச் செஞ்சு பாத்தோம். ஆறு பேர் தேறினாங்க. பதினாலு மாசம் ஆச்சு."

"அந்த ஆறு பேர் இப்ப எங்க இருக்காங்க?"

"எல்லாரும் வெளிநாட்டுல. நல்லா இருக்காங்க."

அவளுக்கு அது போதுமாக இருந்தது.

பழைய அரிசியை நாட்டுக்குள் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மூட்டைக்கு மூட்டை மின்னணுச் சில்லு தைத்திருக்கும். கிடங்கை விட்டு ஒரு மூட்டை நகர்ந்தால் வாரியத்தில் மணி அடிக்கும். சில்லு இல்லாத அரிசி ஓர் இடத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு சரக்கிலிருந்தும் அரைக் கிலோ எடுத்து ஈரப்பதமும் நொய்யும் சோதிக்கும் இடம்; அதற்கு 'மாதிரி அறை' என்று பெயர். பார்த்து முடித்த மாதிரிகளை உலையில் போட்டுவிட வேண்டும். அந்த அறைக்குப் பொறுப்பாளர் பக்கிரிசாமி, கீழ்வேளூர்க்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர்.

ரைஹானா அவரிடம் சுற்றி வளைக்காமல் கேட்டாள். தம்பியின் கதையையும் சொன்னாள். பக்கிரிசாமி கேட்டுவிட்டு, கையில் இருந்த அரிசியைத் தட்டில் கொட்டினார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும் மேடம்?"

"ஒண்ணேகால் கிலோ."

"அதுக்கு மேல எடுத்தா உலைச் சாம்பல் எடை காட்டிக் குடுத்துடும். ஒரு ஆளுக்குத்தான் வரும்." தட்டை ஓரமாகத் தள்ளினார். "எம் பொண்ணு தேன்மொழி நர்சுக்குப் படிச்சிருக்கு. அயர்லாந்துலேர்ந்து மூணு வருசமா வேலைக்குக் கூப்புடுறாங்க. போனவ எல்லாம் நாராத் திரும்பி வரான்னு நாந்தான் அனுப்பல. உங்க தம்பிக்கு ஆனதுக்கு அப்புறம் அதுக்கு."

"சரி" என்றாள் ரைஹானா.

ஜுனைதிடம் சொன்னபோது அவன் உடனே ஒப்புக்கொண்டான். நாகூரில் அவனுக்கு வேலை எதுவும் இல்லை. ஊரில் யாருக்குமே பெரிதாக வேலை இல்லை. எங்கும் போக முடியாத இளைஞர்கள் கடற்கரைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவனும் அந்தச் சுவரில் எட்டு வருடம் உட்கார்ந்தவன்.

முதல் நான்கு மாதம் கொடுமையாக இருந்தது. செறியரிசியை ஒரு பருக்கையும் தொடக் கூடாது. உடம்பில் இருந்த கிருமி முதலில் மயங்கி, பிறகு செத்து, அவன் பழையபடி வற்றிப்போனான். பசி என்றால் என்ன என்று பதினான்கு வருடமாக அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிய ஆரம்பித்தது. காலையில் ஒரு பானைச் சோறு சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவும்போதே பசிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுவான். "போதும் லாத்தா, அந்த அரிசியே போதும், எனக்கு எங்கேயும் போக வேணாம்" என்பான். மறுநாள் காலையில் அவனே தட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவான்.

பழைய அரிசி வேகும்போது ஒரு மணம் வரும். அது தெருவுக்குப் போய்விடாமல் உம்மா ஜன்னல்களை எல்லாம் சாத்திவைத்துச் சமைத்தாள். உள்ளே புழுங்கித் தள்ளும். ஆனாலும் உம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரைஹானா பார்த்ததில்லை. கைப்பிடிச் சோறு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் இன்னும் கொஞ்சம் வை என்று கேட்டதே கிடையாது. இப்போது மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். உம்மா மீன் ஆணம் வைத்தாள், புளியாணம் வைத்தாள், மறந்துபோன நெய்ச்சோற்றை நினைவுபடுத்தி ஆக்கினாள். "என் புள்ள பசியாறுறான்" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்ல முடியாமல் தவித்தாள்.

எட்டாவது மாதம் எடை இறங்குவது நின்றது. பதினான்காவது மாதம் அவன் எல்லோரும் ஒரு காலத்தில் சாப்பிட்ட அளவே சாப்பிட்டு, அறுபத்தாறு கிலோ இருந்தான். பினாங்கு முதலாளியிடம் பேசியாகிவிட்டது. விசாவுக்குக் காத்திருந்தார்கள்.

அப்போது வாரியத்துக்கு வெளிநாட்டுக் கொள்முதல்காரர்கள் தரம் பார்க்க வந்தார்கள். மாதிரி அறையைப் பன்னிரண்டு நாளைக்கு முத்திரை வைத்துப் பூட்டினார்கள். ஒரு பிடி அரிசி வெளியே எடுக்க முடியவில்லை. பன்னிரண்டு நாள்தானே, வீட்டு அரிசியைச் சாப்பிட்டுச் சமாளிக்கட்டும் என்று ரைஹானா நினைத்தாள். உம்மா ரேஷன் அரிசியை வடித்துப் போட்டாள். அவன் ஒரு பிடி சாப்பிட்டான், நாலு பிடி சாப்பிட்டான். எதுவும் உடம்பில் தங்கவில்லை. மணலைத் தின்றதுபோல அப்படியே போயிற்று. கடையில் வாங்கிய ரொட்டி, சேமியா எல்லாமே செறிமாவில் செய்ததுதான். மீனும் கீரையும் மட்டும் கொஞ்சம் ஒட்டின. ஆறாவது நாள் பயந்துபோய் ரேஷன் கடைக்குப் போய்ச் சொட்டு வாங்கிவந்து மறுபடியும் நாக்கில் விட்டார்கள். காய்ச்சலும் வாந்தியும்தான் வந்தன. பன்னிரண்டு நாளில் ஏழு கிலோ குறைந்தான்.

ரைஹானா சடகோபன் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள்.

"அந்தச் சொட்டு ரெண்டாவது தடவை ஏன் சார் ஒட்டல?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒட்டாதும்மா. குடல் எழுந்து ஒரு தடவை வெளியேத்தின கிருமியை உடம்பு அடையாளம் வச்சுக்கும். திரும்ப உள்ளே விடாது."

"அப்ப அந்த ஆறு பேரு..."

"கிருமி இல்லாம இந்த அரிசி செரிக்காது, இங்க அவங்களுக்குச் சாப்பாடு கிடையாது. அதனாலதான் வெளிநாட்டுல இருக்காங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மாதிரி அறையில எலி ஜாஸ்தி, அரிசி குறையுதுன்னு பக்கிரிசாமி மாசாமாசம் எழுதறான். நான் கையெழுத்துப் போடறேன். எந்த எலின்னு எனக்குத் தெரியாதா?" அவர் குரல் தணிந்தது. "சொல்லியிருந்தா நீங்க செஞ்சிருக்க மாட்டீங்க. ஒருத்தனாவது போகட்டுமேன்னு நெனச்சேன். என் பொண்ணுக்குச் செய்யணும்னு எனக்கும் ஆசைதான். அவ போயிட்டா திரும்பி வர முடியாது. என்னால முடியல. அவ இப்பக் கும்பகோணத்துல டீச்சர். என்னோட பேசறது இல்ல. ஆனா பஸ் ஏறினா பாத்துட்டு வந்துடலாம்."

ரைஹானா திட்டத்தான் வந்திருந்தாள். திட்டாமலே கதவைத் திறந்தாள். தன் இடத்துக்குத் திரும்பிப் போய் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

முத்திரையை எடுத்த அன்றே பக்கிரிசாமி ஒன்றேகால் கிலோ கொடுத்தனுப்பினார். ஜுனைத் தேறினான். இப்போது ஒரு வழி மட்டும் இருந்தது. மாதிரி அறை இருக்கிறவரை, ரைஹானா வேலையில் இருக்கிறவரை, தினம் கொஞ்சம் அரிசி கொண்டுவந்தால் அவன் வீட்டிலேயே இருக்கலாம். அப்படியென்றால் தேன்மொழிக்கு அரிசி இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கிரிசாமி மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். எதுவும் கேட்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்திருந்தார். ரைஹானா அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். போனால் திரும்பி வந்து வாழ முடியாது என்பதையும் சொன்னாள்.

தேன்மொழி அப்பாவைப் பார்த்தாள். "இங்க நான் மூணு வருசமா அந்தக் கடிதாசியப் படிச்சிக்கிட்டிருக்கேன்க்கா. இன்னும் முப்பது வருசம் படிக்க முடியாது" என்றாள்.

பக்கிரிசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

அவர்கள் போன பிறகு ஜுனைத் பாயில் உட்கார்ந்தான். "போகணும் போகணும்னு நாந்தான் குதிச்சேன்" என்றான். "இப்பப் போகச் சொல்லையில காலு வர மாட்டேங்குது லாத்தா. அந்தப் புள்ளைக்குக் குடு. நான் டிக்கெட் போடுறேன்."

உம்மாவிடம், அங்கே இருந்துதான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். உம்மா எதையும் துருவிக் கேட்கவில்லை.

ஜுனைத் பினாங்கில் நன்றாக இருந்தான். வாரம் இரண்டு முறை பேசினான். திரையில் அவன் கழுத்து தடித்திருந்தது, சிரித்தால் கன்னம் தூக்கியது. அந்த வருட அறிக்கையில் வெளிநாட்டில் இருப்பவர்கள் என்ற வரிக்கு முப்பத்தெட்டு லட்சம் என்று எழுதும்போது, அதில் ஒருவன் தன் தம்பி என்று ரைஹானா நினைத்துக்கொண்டாள். மிகுதி ஒன்பது கோடியே பத்து லட்சம் டன் என்று வந்தது. அதுவரை வந்ததிலேயே அதிகம். வாரியத்தில் இனிப்புக் கொடுத்தார்கள். அதுவும் செறிமாவில் செய்ததுதான்.

பெருநாளுக்கு ஜுனைத் வந்தான். ஐந்து நாள் தங்குவதாகத் திட்டம். வெளியிலிருந்து தானிய வகை இரண்டு கிலோவுக்கு மேல் கொண்டுவரக் கூடாது. பிஸ்கட்டும் அவலுமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். பெருநாளன்று காலையில் உம்மா ரேஷன் அரிசியில் நெய்ச்சோறு ஆக்கியிருந்தாள். அதில் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்று ரைஹானா சொல்ல வாயெடுத்தாள். அவன் கண்ணாலேயே வேண்டாம் என்றான். உட்கார்ந்து, பிசைந்து, முழுத் தட்டும் சாப்பிட்டான். உம்மா இன்னொரு அகப்பை வைத்தாள். அதையும் சாப்பிட்டான்.

வயிறு நிறைந்துவிட்டதால் பிஸ்கட் இறங்கவில்லை. மூன்று வேளையும் உம்மா கூப்பிட்டாள், மூன்று வேளையும் அவன் போய் உட்கார்ந்தான். ஐந்தாவது நாள் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டான். "ரெண்டு நாளுதான் லாத்தா" என்றான். ஏழாவது நாள் மறுபடியும் தள்ளிப்போட்டான். கொண்டுவந்த அவல் தீர்ந்துவிட்டது. ரைஹானா பக்கிரிசாமியிடம் கேட்க முடியாது. தேன்மொழி பழைய அரிசிக்கு மாறி ஐந்தாவது மாதத்தில் இருந்தாள், எலும்பும் தோலுமாக. அவள் வாயிலிருந்து ஒரு வேளையைப் பிடுங்கினாலும் அது திரும்ப முதலிலிருந்து தொடங்குவதுபோல.

பதினோராவது நாள் ஜுனைத் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டான். இடுப்பில் கைலி நிற்கவில்லை.

"ஏன்டா இப்படிப் பண்ணுறே? செத்துப்போகவா வந்தே?"

"தெரியல லாத்தா. நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு இருக்கு. அங்க ஒண்ணும் கொற இல்ல. நல்லா சாப்பிடுறேன், நல்லா தூங்குறேன். ஆனா யாரும் சாப்பிட வான்னு கூப்புட மாட்டாங்க. எடுத்து வச்சு நாமளே திண்ணுக்க வேண்டியதுதான்."

அவனை எழுப்பிக் கீழே கூட்டிவரும்போது கூடத்து நாற்காலியில் உம்மா உட்கார்ந்திருந்ததை ரைஹானா கவனித்தாள். எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. ஓதும் தஸ்பீஹ் மணி கையில் அசையாமல் இருந்தது.

மறுநாள் மதியம் தொழுகை முடிந்து ஜுனைத் மெல்ல நடந்து வந்து, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தான். தட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் தலையை நீட்டினான். ரைஹானாவும் கூடவே எட்டிப் பார்த்தாள். அடுப்பு துடைத்துச் சுத்தமாக இருந்தது. பாத்திரங்கள் கவிழ்த்து வைத்திருந்தன. உம்மா சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உலை வைக்கலியா உம்மா?"

"அரிசி இல்லப்பா" என்றாள் உம்மா.

போன வாரம்தான் ரேஷன் வந்திருந்தது. உம்மாவின் முதுகுக்குப் பக்கத்திலேயே அரிசி டப்பா இருந்தது, மூடி சரியாகப் பொருந்தாத அளவுக்கு நிறைந்து. அதை மறைக்கக்கூட உம்மா முயலவில்லை. மகனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு?" என்றான் ஜுனைத்.

"நாளைக்கும் இல்ல."

அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உள்ளே போய்த் தன் பையை எடுத்து வெளியே வைத்தான். ரைஹானா கார்க்காரருக்குப் போன் செய்யத் தெருவுக்கு வந்தாள்.